வலிமையான ஒடுக்கி எது? அலுமினியமா, அலுமினியம் அயனியா? மூன்று நாளாகக் குழப்பம்

#1 கலங்கிய குடுவை

எல்லோருக்கும் வணக்கம். மின்வேதியியலில் ஒரே இடத்தில் மூன்று நாளாக நிற்கிறேன். பயிற்சிக் கணக்கில் ஐந்து ஜோடிகளின் திட்ட ஒடுக்க மின்னழுத்தத்தைக் கொடுத்து, ஒடுக்கிகளை வலிமைப்படி வரிசைப்படுத்தச் சொல்லியிருக்கிறார்கள்.

அலுமினியம் அயனி / அலுமினியம்: −1.66 வோல்ட்
ஸ்டேனிக் / ஸ்டேனஸ் (வெள்ளீய அயனிகள்): +0.15
அயோடின் / அயோடைடு: +0.54
ஃபெரிக் / ஃபெரஸ் (இரும்பு அயனிகள்): +0.77
வெள்ளி அயனி / வெள்ளி: +0.80

முதலில் வெள்ளி அயனிதான் வலிமையான ஒடுக்கி என்று எழுதினேன். ஒடுக்க மின்னழுத்தம் என்றுதானே பெயர்? அது அதிகமாக இருப்பதுதானே நன்றாக ஒடுக்க வேண்டும்? தப்பு என்றார்கள். சரி என்று அப்படியே தலைகீழாக்கி அலுமினியம் அயனி என்று எழுதினேன். அதுவும் தப்பாம்!

இன்னொரு சந்தேகம். அலுமினியம் 3 எலக்ட்ரான் தருகிறது, லித்தியம் ஒன்றுதான் தருகிறது. −1.66-ஐ 3-ஆல் பெருக்கினால் −4.98. லித்தியத்தின் −3.04-ஐயே மிஞ்சுகிறதே? யாராவது தெளிவாக்குங்கள்.

#2 அரைக்கலம்

தம்பி, உங்கள் சிக்கல் வேதியியலில் பாதி, இலக்கணத்தில் பாதி. தன்வினை, பிறவினை படித்திருப்பீர்கள். திருந்தினான், திருத்தினான். அடங்கினான், அடக்கினான். அதே போலத்தான் ஒடுங்கியது, ஒடுக்கியது. எலக்ட்ரானை வாங்கிக்கொள்வது ஒடுங்குகிறது. எலக்ட்ரானைக் கொடுப்பது எதிராளியை ஒடுக்குகிறது.

அட்டவணையில் இருக்கும் எண் ஒடுங்குவதற்கான நாட்டம். வெள்ளி அயனிக்கு +0.80 என்றால் அது எலக்ட்ரானை வாங்கி வெள்ளியாக ஒடுங்க மிகவும் விரும்புகிறது என்று பொருள். அப்படி விரும்புகிற ஆள் எதிராளியை ஆக்சிஜனேற்றம் செய்வான், அதாவது அவனிடமிருந்து எலக்ட்ரானைப் பறிப்பான், ஒடுக்க மாட்டான். பெயரை 'ஒடுங்கல் மின்னழுத்தம்' என்று வைத்திருந்தால் பாதிப் பேர் தப்பித்திருப்பார்கள் என்பது என் நெடுநாள் புலம்பல்.

இரண்டாவது தப்பு அதைவிடப் பொதுவானது. எண்ணைச் சரியாகப் பார்த்துவிட்டு ஆளை மாற்றிப் பிடிப்பது. சாய்கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பது எலக்ட்ரான் வாங்கும் வடிவம், வலப்பக்கம் இருப்பது ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் வடிவம். கையில் இருப்பவன்தானே கொடுக்க முடியும்? அலுமினியம் அயனி மூன்று எலக்ட்ரானையும் பறிகொடுத்துவிட்டு நிற்கிறது, அதனிடம் கொடுக்க என்ன இருக்கிறது? ஆகவே ஒடுக்கியைத் தேடும்போது வலப்பக்கத்தை மட்டும் பாருங்கள், எண் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு வலிமை. உங்கள் கணக்குக்கு விடை: அலுமினியம், ஸ்டேனஸ், அயோடைடு, ஃபெரஸ், கடைசியில் வெள்ளி.

#3 பழைய ஏடு

அரைக்கலம் சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. நூலகத்தில் பழைய அமெரிக்கப் பாடநூல் எதையாவது எடுத்தால் துத்தநாகத்துக்கு +0.76 என்று போட்டிருக்கும். அது அச்சுப்பிழை அல்ல. அங்கே வெகுகாலம் ஆக்சிஜனேற்ற மின்னழுத்தத்தை அட்டவணைப்படுத்தினார்கள், அதாவது குறி தலைகீழ். 1953-இல் ஸ்டாக்ஹோமில் பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் கூடித்தான் ஒடுக்க மின்னழுத்தத்தையே எழுதுவது என்று ஒப்புக்கொண்டார்கள். எனவே எந்த அட்டவணையை எடுத்தாலும் முதலில் துத்தநாகத்தின் குறியைப் பாருங்கள். எதிர்க்குறி என்றால் இன்றைய வழக்கு.

சில நூல்களில் ஒடுக்கிக்குப் பதில் தாழ்த்தி, ஆக்சிஜனேற்றிக்குப் பதில் ஒட்சியேற்றி என்று வரும். பயப்பட வேண்டாம், பெயர்தான் வேறு, பொருள் அதேதான்.

#4 நெர்ன்ஸ்ட் தாசன்

//−1.66-ஐ 3-ஆல் பெருக்கினால் −4.98. லித்தியத்தின் −3.04-ஐயே மிஞ்சுகிறதே?//

பெருக்கக் கூடாது. வோல்ட் என்பது ஒரு கூலும் மின்னூட்டத்துக்கு எத்தனை ஜூல் என்ற கணக்கு. விகிதம் அது. கரைசலைப் பாதியாகக் கொட்டிவிட்டாலும் மின்னழுத்தம் பாதியாகாது. பெருக்க வேண்டியது கிப்ஸ் ஆற்றலை, அதாவது வினையிலிருந்து வேலைக்குக் கிடைக்கும் ஆற்றலை: எலக்ட்ரான் எண்ணிக்கை × 96,500 (ஒரு மோல் எலக்ட்ரானின் மின்னூட்டம், கூலுமில்) × மின்னழுத்தம், முன்னால் ஒரு எதிர்க்குறி. ஆற்றலைக் கூட்டலாம், கழிக்கலாம். வோல்ட்டை நேராகக் கூட்டினால் வம்பு.

இதைக் கையால் ஒருமுறை செய்து பார்த்தால்தான் மனதில் நிற்கும். இரும்பை எடுங்கள். ஃபெரஸ் இரும்பாக ஒடுங்க 2 எலக்ட்ரான், −0.44. ஃபெரிக் ஃபெரஸாக ஒடுங்க 1 எலக்ட்ரான், +0.77. ஃபெரிக் நேராக இரும்பாக ஒடுங்கினால் எவ்வளவு? இரண்டையும் கூட்டி +0.33 என்று எழுதுபவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். சரியான வழி: 2 × (−0.44) = −0.88. 1 × 0.77 = 0.77. கூட்டினால் −0.11. மொத்தம் 3 எலக்ட்ரான், ஆக 3-ஆல் வகுக்க −0.037. குறியே மாறிவிட்டது பாருங்கள்.

அலுமினியத்தின் மூன்று எலக்ட்ரானுக்கு மதிப்பே இல்லையா என்றால், இருக்கிறது, வேறு கணக்கில். ஒரு மோல் எலக்ட்ரான் தர 9 கிராம் அலுமினியம் போதும், சோடியம் என்றால் 23 கிராம் வேண்டும். அது கொள்ளளவு. மின்கலம் செய்பவருக்கு அது முக்கியம். மேல்நிலைத் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதும் அதில் எத்தனை குடம் தண்ணீர் பிடிக்கும் என்பதும் வேறு வேறு கேள்விகள். நாம் இங்கே உயரத்தைத்தான் ஒப்பிடுகிறோம்.

#5 கலங்கிய குடுவை

தன்வினை, பிறவினை உதாரணம் அப்படியே பிடித்துக்கொண்டது. நன்றி அண்ணா. தொட்டிக் கணக்கும் புரிந்தது.

அடுத்த குழப்பம். தனிம அட்டவணையில் கீழே போகப் போக எலக்ட்ரானை விடுவது எளிது என்று படித்தோம். அப்படியென்றால் சீசியம்தானே முதலிடத்தில் இருக்க வேண்டும்? லித்தியம் எப்படி உச்சிக்குப் போனது? அதோடு லித்தியத்தை நீரில் போட்டால் சாதுவாக நுரைக்கிறது, பொட்டாசியம் தீப்பிடிக்கிறது. காணொளியில் பார்த்தேன். எது வலிமை இங்கே?

#6 திண்ணைப் பேச்சு

அதானே! கண் முன்னால் தீப்பிடிக்கிறது, அட்டவணை வேறு சொல்கிறது. எனக்கென்னவோ இந்த அட்டவணையே தேர்வுக்காகச் செய்தது என்று தோன்றுகிறது. வேகமாக வினைபுரிவதுதான் வலிமையானது, அவ்வளவுதான்.

#7 அரைக்கலம்

திண்ணை, அப்படி ஒரே போடாகப் போடாதீர்கள். இரண்டு கேள்விகளையும் தனித்தனியாக எடுப்போம்.

லித்தியம் ஏன் முதலில்? தனி அணுவாக வாயு நிலையில் மிதக்கும்போது எலக்ட்ரானை விடுவது சீசியத்துக்குத்தான் எளிது. அயனியாக்கும் ஆற்றல் லித்தியத்துக்கு மோலுக்கு 520 கிலோஜூல், சீசியத்துக்கு 376. ஆனால் மின்முனையில் நடப்பது அது மட்டுமல்ல. திட உலோகத்திலிருந்து அணுவைப் பிய்க்க வேண்டும், எலக்ட்ரானை உருவ வேண்டும், கடைசியில் அயனியை நீர் சூழ்ந்துகொள்ளும். முதல் இரண்டும் செலவு, மூன்றாவது வரவு.

சோடியத்தோடு ஒப்பிட்டுக் கணக்குப் போடுவோம். லித்தியம்: பதங்கமாக்க 161, அயனியாக்க 520, நீரேற்றத்தில் திரும்பி வருவது 520. நிகரச் செலவு 161. சோடியம்: 108 + 496 − 405 = 199. ஆக, லித்தியத்துக்குச் செலவு 38 கிலோஜூல் குறைவு. 96.5-ஆல் வகுத்தால் சுமார் 0.39 வோல்ட். அட்டவணையில் −3.04-க்கும் −2.71-க்கும் வித்தியாசம் 0.33. என்ட்ரோபியைக் கணக்கில் சேர்க்காமலே இவ்வளவு நெருங்கிவிட்டது. லித்தியம் அயனி மிகச் சிறியது, நீர் மூலக்கூறுகளை இறுக்கிப் பிடிக்கிறது. அந்த நீரேற்றம்தான் அதை மேலே தூக்கி வைத்தது. நீரே இல்லாத இடத்தில் இந்தப் பெருமை கிடையாது.

இரண்டாவது, தீ. லித்தியம் 180.5 பாகை செல்சியஸில் உருகும், பொட்டாசியம் 63.5-இலேயே. நீரில் போட்டதும் பொட்டாசியம் உருகி உருண்டையாகிப் புதுப்புதுப் பரப்பைக் காட்டுகிறது, வினை விரைகிறது, வெப்பம் ஹைட்ரஜனைப் பற்றவைக்கிறது. லித்தியம் கட்டியாகவே மிதந்துகொண்டு மெல்லக் கரைகிறது. மின்னழுத்தம் சொல்வது எந்தப் பக்கம் சரிவு, எவ்வளவு சரிவு என்பதை. உருளும் வேகம் அந்த எண்ணுக்குள் இல்லை.

#8 பழைய ஏடு

ஒரு சின்ன இடைச்செருகல். நீரோடு வினைபுரியும் லித்தியத்தின் மின்னழுத்தத்தை நீரில் எப்படி அளந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லையே! நேராக முடியாது. லூயிஸ், கீஸ் என்ற இரண்டு வேதியியலர்கள் 1913-இல் சுற்றுவழியில் போனார்கள். நீரில்லாக் கரைப்பானில் லித்தியத்தை அதன் பாதரசக் கலவையோடு ஒப்பிட்டார்கள். பிறகு அடங்கிய குணமுள்ள அந்தக் கலவையை நீர்க்கரைசலில் வைத்து அளந்தார்கள். இரண்டையும் சேர்த்தால் விடை. படித்தபோது எழுந்து நின்று கும்பிடத் தோன்றியது.

#9 மஞ்சள் சுடர்

வேகம் வேறு, வலிமை வேறு என்பதற்குக் கையால் செய்த ஒன்றைச் சொல்கிறேன். ஆய்வகத்தில் காப்பர் சல்ஃபேட் கரைசலில் அலுமினியத் தகட்டுத் துண்டு ஒன்றைப் போட்டேன். அலுமினியம் −1.66, தாமிரம் +0.34. இரண்டு வோல்ட் இடைவெளி! சட்டென்று தாமிரம் படியும் என்று குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். நீலம் நீலமாகவே, தகடு பளபளப்பாகவே. அட்டவணை பொய் சொல்கிறதோ என்ற எண்ணம் எனக்கும் வந்தது.

பக்கத்தில் நின்றவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு சிட்டிகை சாதாரண உப்பைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் தகட்டின் ஓரத்தில் செம்பழுப்பாக ஒரு புள்ளி. அப்புறம் நிற்கவில்லை. குமிழி கிளம்பியது, தகடு ஓட்டை ஓட்டையாகிக் கிழிந்தது, குழாய் கையில் பிடிக்க முடியாமல் சுட்டது, அடியில் சிவந்த தூள். அலுமினியத்தின் மேல் இருந்த ஆக்சைடு படலம்தான் அதுவரை தடுத்து நின்றது. குளோரைடு அயனி அதைக் குடைந்து வழிவிட்டது. சரிவு ஆரம்பத்திலிருந்தே இருந்தது, கதவுதான் சாத்தியிருந்தது.

#10 திண்ணைப் பேச்சு

சரி, சிட்டிகை உப்புக்காக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விடமாட்டேன். பொட்டாசியம் −2.93, சோடியம் −2.71. அதாவது பொட்டாசியம்தான் வலிமையான ஒடுக்கி. ஆனால் தொழிற்சாலையில் உருகிய பொட்டாசியம் குளோரைடில் சோடியத்தைச் செலுத்தித்தான் பொட்டாசியம் எடுக்கிறார்கள். மெலிந்தவன் வலியவனை ஒடுக்குகிறானே, இதற்கு என்ன பதில்?

#11 நெர்ன்ஸ்ட் தாசன்

நல்ல கேள்வி, நிஜமாகவே. அந்த −2.93-க்கும் −2.71-க்கும் பின்னால் சிறிய எழுத்தில் நிபந்தனைகள் இருக்கின்றன: நீர்க்கரைசல், 25 பாகை, கரைந்த அயனி 1 மோலார், வாயு என்றால் 1 பார். நீங்கள் சொல்லும் உலையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. சுமார் 850 பாகை, நீர் கிடையாது, உருகிய உப்பு. அந்த வெப்பத்தில் பொட்டாசியம் சோடியத்தைவிட எளிதில் ஆவியாகும், அதன் கொதிநிலை சுமார் 760, சோடியத்துக்கு 883. பொட்டாசியம் ஆவியாகி வெளியேறிக்கொண்டே இருப்பதால் சமநிலை அந்தப் பக்கமே இழுக்கப்படுகிறது. அட்டவணை பொய்யில்லை, அதன் எல்லைக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தினீர்கள், அவ்வளவுதான்.

கார்பன் துத்தநாக ஆக்சைடை ஒடுக்குவதும் இப்படித்தான். அந்த உயர் வெப்பத்துக்கு எல்லிங்காம் வரைபடம் (ஆக்சைடு உருவாகும் கிப்ஸ் ஆற்றல் வெப்பநிலையோடு எப்படி மாறுகிறது என்று காட்டுவது) பார்க்க வேண்டும், மின்வேதி வரிசையை அல்ல.

இன்னொன்று. பூச்சியம் என்பதும் நாம் வைத்ததுதான். ஹைட்ரஜன் மின்முனையைப் பூச்சியம் என்று ஒப்புக்கொண்டோம், மலை உயரத்துக்குக் கடல் மட்டத்தை வைத்தது போல. அதனால் 'எதிர்க்குறி என்றால் ஒடுக்கி, நேர்க்குறி என்றால் ஆக்சிஜனேற்றி' என்று பிரிப்பதும் தப்பு. ஸ்டேனஸுக்கு நேர்க்குறிதான், ஆனாலும் ஃபெரிக் அயனியை அழகாக ஒடுக்கும். ஒருவர் வலியவரா என்பது எதிரே நிற்பவரைப் பொறுத்தது.

#12 மஞ்சள் சுடர்

தாசன் சொன்ன கடைசி வரிக்கு ஒரு சோதனைக்குழாய்ச் சாட்சி. ஃபெரிக் குளோரைடு கரைசலில் பொட்டாசியம் அயோடைடு விட்டால் பழுப்பாகும், அயோடின் வெளிவந்துவிட்டது. மாவுக் கரைசல் ஒரு துளி விட்டால் கருநீலம். அதில் அமிலம் கலந்த ஸ்டேனஸ் குளோரைடைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்குங்கள். போதுமான அளவு விட்டதும் கருநீலம் மறையும். அயோடைடு ஃபெரிக்கை ஒடுக்கியது, ஸ்டேனஸ் அயோடினை ஒடுக்கியது. +0.15, +0.54, +0.77 என்ற மூன்று எண்ணையும் ஒரே குழாயில் நிறமாகப் பார்த்துவிடலாம்.

பெர்மாங்கனேட் தரம்பார்த்தலில் ஏன் கந்தக அமிலம் மட்டும், ஹைட்ரோகுளோரிக் அமிலம் கூடாது என்பதும் இதே கதைதான். பெர்மாங்கனேட் +1.51, குளோரின் +1.36. குளோரைடு போன்ற சோம்பேறி ஒடுக்கியைக்கூடப் பெர்மாங்கனேட் விட்டுவைக்காது. ப்யூரெட் அளவு கூடுதலாகக் காட்டும், கணக்கு கெடும்.

#13 அரைக்கலம்

குடுவை, உங்கள் பட்டியலில் கடைசி இரண்டு பேரைக் கவனித்தீர்களா? ஃபெரஸ் +0.77, வெள்ளி +0.80. இடைவெளி வெறும் 0.03. ஃபெரஸ் வெள்ளி அயனியை ஒடுக்கும் வினைக்குச் சமநிலை மாறிலி போட்டால், 0.03-ஐ 0.059-ஆல் (25 பாகையில் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் வரும் எண்) வகுத்து 10-இன் அடுக்காக வைக்க, சுமார் 3 வரும். அதாவது யாரும் முழுதாக ஜெயிக்கவில்லை, இழுபறி. கரைசலில் ஃபெரிக்கை ஃபெரஸைப் போலப் பத்து மடங்கு வைத்து, வெள்ளி அயனியை 0.01 மோலாராகக் குறைத்தால் என்ன ஆகும்? ஃபெரிக்-ஃபெரஸ் ஜோடி 0.83-க்கு ஏறும், வெள்ளி 0.68-க்கு இறங்கும். இப்போது வெள்ளிதான் ஒடுக்கி, அது கரையத் தொடங்கும். ஃபெரிக் நைட்ரேட்டை வைத்து வெள்ளியை அரித்தெடுப்பது இதனால்தான் நடக்கிறது.

0.3 வோல்ட்டுக்கு மேல் இடைவெளி என்றால் சாதாரணச் செறிவு மாற்றங்களால் வரிசை குலையாது என்று நான் ஒரு குத்துமதிப்பு வைத்திருக்கிறேன். அதற்குள் என்றால் செறிவைக் கேட்காமல் வாய் திறக்க மாட்டேன்.

#14 பழைய ஏடு

செறிவைக் கொஞ்சம் குறைப்பது என்ன, அயனியையே யாராவது கவ்விக்கொண்டால் கதையே வேறு. தங்கம் சுமார் +1.7, அதனால்தான் காற்றிலும் நீரிலும் ஆயிரம் வருடம் கிடந்தாலும் மங்குவதில்லை. சயனைடு கரைசலில் போடுங்கள், தங்க அயனியைச் சயனைடு பிடித்துக்கொள்ள, அதே உலோகத்தின் எண் சுமார் −0.6-க்குச் சரிகிறது. காற்றில் இருக்கும் ஆக்சிஜனே அதைக் கரைத்துவிடும். 1887-இல் மெக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் காப்புரிமை வாங்கிய தங்கம் பிரிக்கும் முறை இதுதான். கரைந்த தங்கத்தைத் திரும்ப எடுக்கத் துத்தநாகத்தைப் போடுவார்கள், சயனைடு கரைசலிலும் அது தங்கத்துக்கு மேலான ஒடுக்கி.

#15 கலங்கிய குடுவை

பழைய ஏடு சொன்னதைப் படித்ததும் ஒன்று தோன்றியது, சரியா பாருங்கள். என் கணக்கில் ஃபெரஸும் வெள்ளியும் இழுபறி. கரைசலில் குளோரைடு இருந்தால் வெள்ளி அயனியை அது வெள்ளி குளோரைடாகப் பிடித்துக்கொள்ளும். வெள்ளி குளோரைடு / வெள்ளி ஜோடிக்கு அட்டவணையில் +0.22 போட்டிருக்கிறது. அப்படியென்றால் வெள்ளி, அயோடைடையே தாண்டி ஸ்டேனஸுக்கு அடுத்த இடத்துக்கு வந்துவிடுகிறது. ஃபெரிக் குளோரைடு கரைசலில் வெள்ளிக் கம்பியைப் போட்டால் வெள்ளி ஃபெரிக்கை ஒடுக்கும். இடைவெளி 0.55 வோல்ட். சரியா?

#16 நெர்ன்ஸ்ட் தாசன்

திசை சரி, முழு மதிப்பெண். எண்ணில் மட்டும் ஒரு சின்னத் திருத்தம். குளோரைடு ஃபெரிக் அயனியையும் கொஞ்சம் பிடிக்கும். 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அந்த ஜோடி சுமார் +0.70-க்கு இறங்கிவிடும். ஆக இடைவெளி 0.5-க்குச் சற்றுக் குறைவு. வினை நடக்கும் என்பதில் மாற்றமில்லை.

#17 மஞ்சள் சுடர்

குடுவை, நிஜமாகக் கம்பியைப் போட்டுப் பார்ப்பதாக இருந்தால் சொல்லிவைக்கிறேன். முதலில் மேற்பரப்பு மங்கும், அப்புறம் சுணங்கும். உருவான வெள்ளி குளோரைடே கம்பியின் மேல் போர்வையாகப் படிந்துகொள்ளும். அப்போது மறுபடி இங்கே வந்து அட்டவணை பொய் என்று இழை தொடங்கிவிடாதீர்கள்.